கோடிக்கரைக் கழிநிலத்தின் வரலாறு



மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்றும், கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்றும் பள்ளிப் பருவத்தில் நாம் எல்லோரும் மனனம் செய்திருக்கிறோம். மலை தெரியும்; கடல் தெரியும். 'சார்ந்த இடம்' என்று சொல்லப்பட்டதே, அது யாது? மாணவர்களிடம் இவ்வினாவைக் கேட்டால் மணற்கரை என்றே பெரும்பாலும் விடை வரும். அம்மணற்கரைக்குப் பின்னால், முழுக் கடலும் அன்றி முழு நிலமும் அன்றிக் கிடக்கும் பரப்பு ஒன்று உண்டு. ஆண்டில் சில மாதங்கள் அது நீராக இருக்கும். சில மாதங்கள் சேறாக இருக்கும். கோடையில் உப்புப் பூத்த வெளியாகக் காயும். அதனைச் சங்கப் புலவர்கள் கழி என்றனர். நெய்தல் பாடல்களில் கழியின் மீனையும், அம்மீனை எதிர்நோக்கி அசையாது நிற்கும் நாரையையும், உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாடு சென்று நெல்லுக்கு மாற்றிய உமணரையும் காண்கிறோம். புலவர்கள் கண்ட கழி பயனுள்ள நிலம். மக்கள் வாழ்ந்த நிலம். அந்நிலம் பிற்காலத்தில் 'பாழ்நிலம்' என்று பெயர் பெற்றது எவ்வாறு, மீண்டும் காக்கத்தக்க நிலமாக மதிக்கப்பட்டது எவ்வாறு என்பதைக் கோடிக்கரையை முன்வைத்து இன்று கூற விரும்புகிறேன்.

நான் பழனி மலைத் தொடரில், கொடைக்கானலை அடுத்த பள்ளங்கியில் வாழ்பவன். பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிக்கட்டு வயல்களுக்கு நடுவே இருப்பவனுக்குக் கடலோரச் சேற்றில் என்ன தொடர்பு என்று நேயர்கள் கேட்கலாம். இரண்டு தொடர்புகள் உண்டு.

முதலாவது, நீர். பழனி மலையின் வடசரிவில் பெய்யும் மழை சண்முக நதியையும் அதன் துணையாறுகளையும் சேர்ந்து அமராவதியில் கலக்கிறது. அமராவதி கருவூரைக் கடந்து திருமுக்கூடலூரில் காவிரியோடு சேர்கிறது. காவிரியோ கல்லணைக்குக் கீழே பல கிளைகளாகப் பிரிந்து, அவற்றுள் சில கோரையாறு, பாமணியாறு முதலிய பெயர்களுடன் தெற்கே முத்துப்பேட்டைக் காயலில் முடிகின்றன. அக்காயலும் வேதாரணியத்துப் பெருஞ் சதுப்பும் ஒரே கழிநிலத்தின் பகுதிகள். ஆகவே குறிஞ்சியின் ஓடையும் நெய்தலின் கழியும் ஒரே நீர்க்குடும்பத்தைச் சேர்ந்தவை.

இரண்டாவது, எங்கள் மலையிலும் சதுப்புகள் இருந்தன. மதுரையின் ஆட்சியராயிருந்த வியர் ஹென்றி லெவிஞ்சு 1863 ஆம் ஆண்டில் ஓடைநீரைக் கரைகட்டித் தேக்கியதால்தான் இன்று பயணிகள் படகு விடும் கொடைக்கானல் ஏரி உண்டாயிற்று. பேரிஜத்துச் சதுப்பும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அணை பெற்று ஏரியாயிற்று. ஏரிகள் அழகியவை, பயனுள்ளவை; அதனை மறுப்பார் இலர். ஆயினும் அக்காலத்தவர் கருத்து ஒன்று இதிலிருந்து புலனாகிறது. ஈரநிலம் என்றால் அதனை ஏதேனும் ஒன்றாக மாற்ற வேண்டும். தேக்கினால் ஏரி, வடித்தால் வயல், தூர்த்தால் மனை. சதுப்பு சதுப்பாகவே இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு என்று எண்ணியவர் அரியர்.

இனிக் கோடிக்கரைக்கு வருவோம். தமிழ்நாட்டின் படத்தை எடுத்துப் பாருங்கள். வடக்கிலிருந்து தெற்கு நோக்கி நேராக வரும் சோழமண்டலக் கரை, ஓரிடத்தில் மூலைமட்டம் வைத்தாற்போலத் திரும்பி மேற்கு நோக்கி ஓடுகிறது. அந்த மூலையே கோடிக்கரை. அதற்கு மேற்கே வேதாரணியத்துச் சதுப்பு முத்துப்பேட்டையையும் அதிராம்பட்டினத்தையும் நோக்கி ஏறத்தாழ 48 கிலோமீட்டர் நீளம் பரந்து கிடக்கிறது. முனையின் அருகே பாலை மரமும் உகாவும் நாவலும் செறிந்த, என்றும் பசுமை மாறாத உலர்காடு. காட்டின் ஓரத்தில் புல்வெளி. அதற்கப்பால் கண்ணுக்கு எட்டும் தொலைவு வரை சேறும் ஆழமற்ற நீரும். வடகிழக்குப் பருவமழை பெய்து ஆறுகளின் நன்னீர் வந்து சேரும்போது சதுப்பு நிறைகிறது. தை, மாசியில் நீர் வற்றத் தொடங்குகிறது. வேனிலில் உப்பு வெளுத்துத் தோன்றுகிறது. இந்த ஏற்றத் தாழ்வே அந்நிலத்தின் உயிர்.

இவ்விடத்தைப் பற்றிய பழைய சான்றுகளில் சிறந்தது தேவாரம். எட்டாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் சுந்தரமூர்த்தி சுவாமிகள் கோடிக் குழகர் கோயிலுக்கு வந்தபோது, கடற்காற்று வீசும் இந்தத் தனிக்காட்டில் துணையின்றி ஏன் இருக்கிறீர் என்று இறைவனையே வருந்திக் கேட்டுப் பாடினார். அப்பதிகத்திலேயே மரப்பொந்துகளிலிருந்து ஆந்தையும் கூகையும் குழறுவதையும் அவர் குறிப்பிட்டுள்ளார். பக்திப் பாடலில் பறவை ஆராய்ச்சியைத் தேட வேண்டியதில்லை. எனினும் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இது காடடர்ந்த, மக்கள் அருகிய, பறவைகளின் குரல் நிறைந்த முனையாக இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சாட்சி வேறு வேண்டுமோ?

சோழர் காலத்தில் இம்முனை கடலோடிகளுக்கு அடையாளமாக விளங்கியது. சோழர் எழுப்பியது என்று கூறப்படும் செங்கல் கலங்கரை விளக்கத்தின் எச்சம் அண்மைக் காலம் வரை கரையில் நின்றது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை அதனைச் சிதைத்தது. 1950 முதல் 1954 வரை வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' தொடரில் கல்கி, கோடிக்கரைக் காட்டையும் கலங்கரை விளக்கத்தையும், காலை விட்டவரை உள்ளிழுக்கும் புதைசேற்றையும் கதைக்களமாக்கினார். அந்நாவலைப் படித்தவர் எவரும் அந்தச் சேற்றை மறந்திருக்க மாட்டார். ஆயினும் அச்சேறு ஓர் ஆபத்தாகவே அவர்கள் நினைவில் நின்றது. சேற்றைக் கண்டு அஞ்சுவது மனித இயல்பு. அதே சேற்றைத் தேடிப் பல்லாயிரம் கல் கடந்து வரும் உயிர்களும் உண்டு என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1805 ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்து உப்பைத் தன் தனியுரிமையாக்கியது. இயற்கை தானாகக் கொடுத்த உப்பைக் கழியோரத்து ஏழை ஒரு கைப்பிடி அள்ளினாலும் அது குற்றமாயிற்று. சங்க காலத்து உமணர் உரிமையாய் ஏற்றிச் சென்ற பொருள், அரசாங்கக் காவலுக்குள் அடைபட்டது. நிலம் மாறவில்லை, நிலத்தைக் கணக்கெழுதிய கைதான் மாறியது.

அந்தக் கணக்கை எதிர்த்துத்தான் 1930 ஏப்ரல் 13 ஆம் நாள் இராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்கள் புறப்பட்டனர். ஏறத்தாழ 150 மைல் நடந்து ஏப்ரல் 28 இல் வேதாரணியம் அடைந்தனர். சத்தியாக்கிரகிகளுக்கு உணவோ இடமோ தருவது தண்டனைக்குரியது என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். மக்களோ சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர் என்று அப்பகுதியினர் இன்றும் பெருமையோடு சொல்வர். வேதாரணியத்தில் சர்தார் வேதரத்தினம் பிள்ளை அவர்களை வரவேற்று எல்லா ஏற்பாடுகளையும் செய்தார். ஏப்ரல் 30 அதிகாலையில் அகத்தியம்பள்ளியில் இராஜாஜி உப்பெடுத்துக் கைதானார். காந்தியடிகள் தண்டியில் அள்ளியதும், இராஜாஜி இங்கே அள்ளியதும் கடலோரத்து உப்பே. நாட்டின் விடுதலை வரலாற்றில் ஒரு பக்கத்தை இந்தச் சதுப்புநிலம் எழுதியது. ஆனால் அதற்குப் பின்னும் அரசாங்க ஏடுகளில் அது பயிருக்கு உதவாத தரிசாகவும், உப்பளத்திற்கு உரிய வெளியாகவும்தான் இருந்தது.

பறவைகளின் செய்தி எப்போது வரலாற்றில் நுழைகிறது? இங்கே வேடந்தாங்கலை நினைவுகூர்தல் பயன் தரும். அவ்வூர் உழவர்கள் ஏரியில் கூடு கட்டும் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். சிப்பாய்கள் அவற்றைச் சுட்டபோது அவர்கள் முறையிட்டனர். 1798 ஆம் ஆண்டில் செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேசு அவர்களுக்குக் காப்புறுதி அளித்தார் என்பது புகழ்பெற்ற செய்தி. பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு எருவாயிற்று. எனவே பறவைக்கு ஓர் ஊரே காவல் நின்றது. கோடிக்கரைப் பறவைகளுக்கு அத்தகைய ஊர் வாய்க்கவில்லை. ஏனெனில் அவற்றுள் பெரும்பாலானவை இங்குக் கூடு கட்டுவதில்லை, குஞ்சு பொரிப்பதில்லை, மழைக்காலத்தில் வந்து, சேற்றில் இரை தேடி, வேனிலில் போய்விடுகின்றன. எங்கிருந்து வந்தன, எங்கே போயின என்பதும் தெரியாது. வழிப்போக்கனுக்கு உறவினர் யார்?

அந்த உறவை நிறுவியது ஒரு சிறு உலோக வளையம். 1957 இல் மைசூர்ப் பகுதியின் கியாசனூர்க் காட்டில் குரங்குகளையும் மனிதரையும் கொல்லும் புதிய காய்ச்சல் ஒன்று தோன்றிற்று. அதன் நச்சுயிரியை வடநாடுகளிலிருந்து வரும் பறவைகள் கொண்டுவருகின்றனவோ என்று ஐயம் எழுந்தது. அதனை ஆராய, உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959 இல் பறவைகளுக்குக் காலில் வளையமிடும் பணியைத் தொடங்கியது. இதற்கு முன்நின்றவர் பறவையியல் அறிஞர் சலீம் அலி. அவர் 1960களில் கோடிக்கரையின் சிறப்பைக் கண்டார். அதன்பின் கழகத்தார் ஆண்டுக்கணக்கில் இங்கு வலைகட்டிப் பறவைகளைப் பிடித்து, அளந்து, எடையிட்டு, எண் பொறித்த வளையம் அணிவித்து மீண்டும் பறக்கவிட்டனர். வளையத்தில் கழகத்திற்குத் தெரிவிக்கும்படி ஒரு வேண்டுகோளும் இருக்கும். தொலைநாட்டில் எவரேனும் அப்பறவையைக் கண்டு எழுதினால், அதன் பயணம் நமக்குப் புலனாகும். கொசு உள்ளான் என்றொரு பறவை. எடை ஏறத்தாழ 25 கிராம். அது வட துருவத்தை ஒட்டிய பனிவெளியில் முட்டையிட்டு, குளிர் தொடங்குமுன் தெற்கே புறப்பட்டு நம் சேற்றுக்கு வருகிறது. வளைமூக்கு உள்ளானும் சைபீரியாவின் வடகோடியிலிருந்து வருவதே. இத்தகைய பயணியருக்குக் கோடிக்கரை ஒரு சத்திரம். சத்திரத்தை இடித்துவிட்டால் அடுத்த ஊர் வரை பயணி தாங்குவானா?

இருந்தும், சட்டம் முதலில் இங்கு வந்தது பறவைக்காக அன்று. 1967 ஆம் ஆண்டில் கோடிக்கரை விலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டபோது அதன் முதன்மை நோக்கம் வெளிமானைக் காப்பது. முறுக்கிய கொம்பும் கரிய முதுகும் கொண்ட அம்மான் முன்னர் தமிழகத்தின் சமவெளிகளில் பரவலாய் இருந்து, பிறகு சில இடங்களில் மட்டும் எஞ்சியது. மானுக்காகக் காடும் புல்வெளியும் காவல் பெற்றன. பெருஞ் சதுப்பின் மதிப்பு உணரப்படுவதற்கு மேலும் காலம் சென்றது. ஈரநிலங்களைக் காப்பதற்காக 1971 இல் ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. இந்தியா 1982 இல் அதில் சேர்ந்தது. கோடிக்கரையும் வேதாரணியச் சதுப்பும் முத்துப்பேட்டையும் சேர்ந்த 38,500 ஹெக்டேர் பரப்பு 2002 ஆகஸ்டில் அப்பட்டியலில் இடம்பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் நுழைந்த முதல் இடம் இதுவே. 2022 வரை ஒரே இடமும் இதுவே.

அங்கு நடந்து பார்த்தவன் என்ற முறையில் சில சொற்கள் கூறலாம். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளிக்கு 2023 முதல் மீண்டும் தொடர்வண்டி ஓடுகிறது. கார்த்திகை முதல் மாசி வரை பறவைகளுக்கு உரிய காலம். வனத்துறையின் அனுமதி பெற்று, ஊரறிந்த ஒருவரைத் துணைக்கொண்டு, விடியலிலேயே புறப்பட வேண்டும். மலையில் நடப்பவனுக்கு அங்கே முதலில் ஒரு திகைப்பு உண்டாகும். மலையில் ஒவ்வொரு வளைவிலும் காட்சி மாறும். இங்கே ஒரு மணி நேரம் நடந்தாலும் அடிவானம் அப்படியே இருக்கும். கண்ணைத் தொலைவிலிருந்து எடுத்துக் காலடிக்கு அருகே வைத்தால்தான் இந்நிலம் பேசத் தொடங்கும். சேறு முழுவதும் சிறு துளைகள். துளைக்குள் புழுவும் நண்டும். ஒவ்வொரு பறவையின் அலகும் ஓர் ஆழத்திற்கு என அமைந்தது போலும்! குட்டை அலகுடைய கொசு உள்ளான் மேற்பரப்பைக் கொத்துகிறது. வளைமூக்கு உள்ளான் அரை விரல் ஆழம் துழாவுகிறது. மூக்கன் தன் நீண்ட அலகை முகம் வரை புதைக்கிறது. ஒரே சேற்றில் பலரும் இரை தேடியும் பூசல் மிகுதியாக இல்லை.

பூநாரைகளை முதலில் நான் வெண்மேகக் கீற்று என்றே எண்ணினேன். அணுகியபின் நீண்ட கால்களும் இளஞ்சிவப்புச் சாயலும் தெரிந்தன. அவை தலையைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, வளைந்த அலகால் நீரை வடிகட்டி, நுண்ணிய பாசியையும் உயிர்களையும் உண்கின்றன. அவ்வுணவிலுள்ள நிறப்பொருளே அவற்றின் இறகைச் சிவப்பாக்குகிறது. உப்பளத்தில் வேலை செய்யும் மூதாட்டி ஒருவரிடம், "அம்மா, இந்தப் பறவைகள் ஆண்டுதோறும் இதே அளவில் வருமா?" என்று கேட்டேன். "நல்ல தண்ணி வந்து எறங்குற வருசம் அதுவும் எறங்கும், ஐயா. தண்ணி கொறஞ்சா மேலேயே சுத்திட்டுப் போயிடும்" என்றார். பல அறிக்கைகளின் சாரத்தை அந்த அம்மையார் இரண்டு வரிகளில் கூறிவிட்டார்.

உண்மையில் இன்றைய கவலையும் அதுவே. காவிரியின் கடைமடைக்கு வந்துசேரும் நன்னீர் குறைந்துவிட்டது. சதுப்பு மண் மேவித் தூர்கிறது. உப்பின் செறிவு ஏறுகிறது. பரந்த பகுதிகள் உப்பளங்களாகிவிட்டன. வெளிமானின் புல்வெளியைச் சீமைக் கருவேல் கவர்கிறது. வரும் பறவைகளின் தொகை முன்னாளினும் குறைந்துள்ளது என்று ஆராய்ச்சியாளர் பதிவு செய்துள்ளனர். உப்பளத்தில் உழைத்து உண்போர் பலர். அவர்கள் வாழ்வும் கருதத்தக்கதே. ஆகவே இது பறவைக்கும் மனிதனுக்கும் நடக்கும் வழக்கு அன்று. நன்னீருக்கு யார் யார் பங்காளிகள் என்று நாம் எழுதும் கணக்கில் கழிநிலத்துக்கும் ஒரு வரி உண்டா என்பதே வினா. 'கடலில் வீணாகக் கலக்கும் நீர்' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்நீர் கழியை நிறைக்கிறது, மீன்குஞ்சை வளர்க்கிறது, அலையாத்தி மரத்தைக் காக்கிறது. அதில் வீண் எது?

கரையோர இயற்கை அரண்களின் மதிப்பை நாம் துயரத்தின் வாயிலாகவும் அறிந்தோம். 2004 பேரலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று வேதாரணியப் பக்கத்தில் மணற்குன்றுகள் அலையின் வேகத்தை ஓரளவு தடுத்தன. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இப்பகுதியில் கரை கடந்தபோது காட்டு மரங்கள் சாய்ந்தன. மான்களும் பறவைகளும் மடிந்தன. காயம் ஆறுவதற்கு அந்நிலத்துக்கு நீரும் காலமும் வேண்டும்.

பாழ்நிலம் என்ற பெயர் என்ன செய்யும் என்பதற்குத் தலைநகரிலேயே சான்று இருக்கிறது. சென்னையின் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு பெரும்பரப்பாகக் கிடந்தது. தரிசு என்று கருதப்பட்டதால் அதில் குப்பை கொட்டினர், சாலை போட்டனர், கட்டடம் எழுப்பினர். பத்தில் ஒன்பது பங்கு மறைந்துவிட்டது என்பர். எஞ்சியதில் 317 ஹெக்டேர் 2007 இல் காப்புக் காடாயிற்று. 2022 இல் அச்சதுப்பு ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. மழைநீர் தங்குவதற்கு இருந்த இடத்தை நாம் எடுத்துக்கொண்டால், அந்நீர் நம் வீட்டைத் தன் இடமாக்கிக்கொள்ளும் என்பதை 2015 டிசம்பர் வெள்ளம் நகரத்தாருக்கு உணர்த்தியது. கோடிக்கரைக்கு அந்நிலை நேரவில்லை. நேராதிருக்க வேண்டுமாயின் இப்போதே விழிப்பு வேண்டும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிகளிலுள்ள நிலப்படத்தில் சதுப்பு என்பதைச் சில நீலக் கோடுகளாலும் ஒரு புல் குறியாலும் காட்டியிருப்பார்கள். மாணவர் அதன்மேல் விரல் வைக்கும்போது, ஒரு நிமிடம் நின்று அதன் வரலாற்றைச் சொல்லுங்கள். சுந்தரர் கேட்ட கூகையின் குரலையும், இராஜாஜி அள்ளிய உப்பையும், 25 கிராம் பறவை கடந்து வந்த தொலைவையும் சொல்லுங்கள். வாய்ப்புள்ள பள்ளிகள் ஒருமுறை மாணவரை அழைத்துச் சென்று காட்டுங்கள். நாளைக்கு நிலவரி ஏட்டில் கையெழுத்திடும் அதிகாரியும், வாய்க்கால் மதகைத் திறக்கும் பொறியாளரும், உப்பளத்தை நடத்தும் முதலாளியும் இன்று அந்த வகுப்பில்தான் அமர்ந்திருக்கிறார்கள்.